மூன்றாவது ஒயர்

ஐயா, ஒன்று கேட்கிறேன், தவறாக எண்ணாதீர்கள். உங்கள் வீட்டில் ஒருவர் ஒரே விஷயத்தை மூன்று முறை சொல்லி, மூன்று முறையும் நீங்கள் அதைக் காதில் வாங்காமல் விட்டது உண்டா?

அவசரப்பட்டுப் பதில் சொல்ல வேண்டாம். ரயில் கேட் போட்டுவிட்டார்கள். வண்டி வந்து போகிற வரை நம் பஸ் நகராது. நன்றாக யோசித்துச் சொல்லுங்கள்.

உங்கள் மடியில் இருக்கிற அட்டைப்பெட்டியைப் பார்த்ததும் கேட்கத் தோன்றியது. ஆம்ப்ளிஃபயர்தானே? ஸ்பீக்கர் பாக்ஸ் இரண்டும் மேலே வைத்திருக்கிறீர்கள், ஏறும்போதே பார்த்தேன். நல்லது. வீட்டில் பாட்டு ஒலிப்பது நல்ல காரியம். என் வீட்டிலும் ஒலித்தது.

நான் சாந்தபுரம் ஆலயத்தின் உபதேசியார். ஞானசிகாமணி என்று பெயர். குருவானவர் மாதத்தில் இரண்டு ஞாயிறுதான் எங்கள் ஊருக்கு வருவார். மற்ற நாட்களில் ஜெபம் நடத்துவது, பிரசங்கம் செய்வது, விடியற்காலை மணி அடிப்பது எல்லாம் நான்தான். இருபத்தாறு வருடமாகப் பேசிப் பழகிய வாய் இது. இப்போது பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறேன். என் மனைவி தங்கபாய் அங்கே நான்கு நாளாகக் கண் திறக்காமல் கிடக்கிறாள். மகள் எப்சிபா கூட இருக்கிறாள். இன்று ஆறு மணிக்கு எங்கள் வீட்டில் தங்கபாய்க்காக விசேஷ ஜெபம் வைத்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் நான் வீடு போய்ச் சேர வேண்டும். மணி என்ன ஐயா? ஐந்து பத்தா? சரி.

அவளுக்கு என்ன என்று கேட்கிறீர்கள். சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்துவிட்டாள் என்று ஊரில் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். எதையும் வரிசையாகப் பார்த்தால்தான் பழுது எங்கே இருக்கிறது என்று தெரியும். இதை நான் பல பிரசங்கங்களில் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் செட் கடையில் வாங்கியது அல்ல. பக்கத்து ஊரில் நயினார் என்று ஒரு மெக்கானிக் இருக்கிறார். அவர் கையால் சேர்த்துச் செய்து கொடுத்தது. தகரப் பெட்டி, முன்பக்கம் நான்கு குமிழ், ஒரு சிவப்பு விளக்கு. பெரிய அறையில் தாழ்வான பெஞ்சு மேல் அது இருக்கும். ஜன்னலின் இந்தப் பக்கம் ஒரு பாக்ஸ், அந்தப் பக்கம் ஒரு பாக்ஸ். நான் நாலே முக்காலுக்கு மணி அடிக்க ஆலயத்துக்குப் போய்விடுவேன். சரியாக ஐந்து மணிக்குத் தங்கபாய் செட்டைப் போட வேண்டும். மணியோசை அடங்குவதற்கும் காலைப் பாட்டு ஜன்னல் வழியாகத் தெருவுக்கு வருவதற்கும் சரியாக இருக்கும். பக்கத்து வீட்டுச் சொர்ணம், "உபதேசியார் வூட்டுப் பாட்டைக் கேட்டுத்தான் எங்க சேவலே முழிக்கி" என்று கேலி பேசுவாள். நான் அதைப் புகழாகவே எடுத்துக்கொண்டேன்.

சென்ற கிறிஸ்துமஸுக்கு வந்த எப்சிபா, டிவி சத்தமும் அதிலேயே வரட்டும் என்று கேபிள் பெட்டியை அதோடு இணைத்துவிட்டுப் போனாள். அன்று தொடங்கியது ஓர் இரைச்சல். பாட்டுக்கு அடியில் உர்ரென்று, தேன்கூட்டைத் துணியில் கட்டி வைத்ததுபோல. ஜெபிக்கக் கண்ணை மூடினால் அந்த உறுமல்தான் முதலில் கேட்கும். நயினாரை வரவழைத்தேன். அவர் குனிந்து பார்த்தார், ஒயரை ஒவ்வொன்றாகத் தடவினார், எழுந்தார்.

"அய்யா, இது கேபிள் ஒயரால வார எரைச்சல். ஒரு சின்ன சாமான் மாட்டணும், மதுரையிலதான் கிடைக்கும். வாங்கிட்டு வாரேன். அதுவரைக்கும் பிளக்குல இருக்க பச்சை ஒயர்ல மட்டும் கை வச்சிராதிய. நெறைய பேரு அதைத்தான் செய்யுதான்."

"வைத்தால் என்ன ஆகும்?" என்றேன்.

"எரைச்சல் நின்னுரும். அதுதான் பயமே," என்றார்.

சொர்ணம் மோர் வாங்க வந்தவள் வாசற்படியில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நயினார் மூன்று வாரமாக வரவில்லை. நான் பொறுமைசாலிதான், ஐயா, ஆனால் ஆலயத்து உபதேசியார் வீட்டுக் காலைப் பாட்டு உறுமலோடு தெருவுக்கு வரலாமா? ஒரு சனிக்கிழமை பிளக்கைத் திறந்தேன். மூன்று ஒயர். ஒன்று கரண்டைக் கொண்டுவருகிறது, ஒன்று கொண்டுபோகிறது. மூன்றாவது, அந்தப் பச்சை, சும்மா நிற்கிறது. அதன் திருகைக் கழற்றி, நுனியை மடக்கி, டேப் சுற்றிவிட்டேன். இரைச்சல் அந்த நொடியே நின்றது. வீடு அப்படி ஓர் அமைதி.

மறுநாள் ஞாயிறு. அதையே பிரசங்கமாக்கினேன். ஒரு வீட்டில் மூன்று வேலைக்காரர்கள். ஒருவன் வாசல் வழியாகப் பொருளை உள்ளே சுமக்கிறான், ஒருவன் வெளியே சுமக்கிறான், மூன்றாமவன் கை கட்டிக்கொண்டு நிற்கிறான், முணுமுணுக்கிறான். எஜமான் அவனை வேலையை விட்டு நீக்கினான், வீடு அமைதியாயிற்று. உங்கள் வீட்டில் சும்மா நின்று முணுமுணுக்கிறவன் யார் என்று சபையைக் கேட்டேன். ஆண்கள் பக்கம் சிரிப்பு. பெண்கள் பக்கம் பார்த்தேன். தங்கபாய் சிரிக்கவில்லை. உவமை புரியவில்லை போலும் என்று எண்ணினேன்.

மூன்றாமவன் காவற்காரன் என்று எனக்கு யாராவது சொல்லியிருக்கலாம். உள்ளே ஏதாவது கசிந்தால் அதைத் தன்மேல் வாங்கிக்கொண்டு மண்ணுக்குள் கொண்டுபோய் இறக்குகிறவன் அவன்தான். யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. நயினார்கூட அரைகுறையாகத்தான் சொன்னார்.

பத்து நாள் போயிருக்கும். தங்கபாய் வந்து, "ஏங்க, அந்தப் பெட்டியத் தொட்டா கையில சுருக்குங்குது" என்றாள்.

நான் அலட்சியம் செய்தேன் என்று நினைக்காதீர்கள். உடனே எழுந்து போனேன். அவள் எதிரிலேயே உள்ளங்கையை விரித்துத் தகரத்தின்மேல் வைத்தேன். ஒன்றுமில்லை. இரண்டு கையையும் வைத்தேன். ஒன்றுமில்லை. ஒரு காரியத்தைத் தானே சோதித்துப் பார்த்த பிறகுதானே மனிதன் பேச வேண்டும்? எனக்குக் குதிகால் வலி உண்டு. வெறுந்தரையில் நடக்காதே என்று டாக்டர் சொன்னதால் வீட்டுக்குள்ளும் ரப்பர் செருப்புதான். அவள் வீட்டுக்குள் செருப்புப் போடமாட்டாள். எங்கள் வீட்டு வழக்கம் அது. நான்தான் ஏற்படுத்தினேன். எனக்கு மட்டும் வைத்திய விலக்கு.

"ஏளா, உனக்குச் சர்க்கரை. சர்க்கரைக்காரங்களுக்குக் கையில் அப்படித்தான் சுருக்சுருக்கென்று குத்தும்" என்றேன். அதோடு விடவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நானே அழைத்துப் போனேன். டாக்டரம்மா, "கையில குத்தல் இருக்காம்மா?" என்று கேட்டார். அவள் வாய் திறக்குமுன் "இருக்கிறது, அம்மா, பத்து நாளாக" என்று நான் சொன்னேன். மாத்திரையைக் கூட்டினார்கள். கருப்பட்டிக் காப்பியையும் நிறுத்தினேன். அவளுக்குக் காலையில் ஒரு தம்ளர் கருப்பட்டிக் காப்பி இல்லாமல் முடியாது. அந்த ஒரு மாதம் வெறும் காப்பியைக் குடித்துக்கொண்டு, ஐந்து மணிக்கு அந்தக் குமிழைத் திருப்பினாள்.

இரண்டாம் முறை பூனையைச் சொன்னாள். எங்கள் வீட்டுப் பூனை அந்தத் தகரப் பெட்டியின் சூட்டுக்காக அதன்மேல் படுத்துக் கிடக்கும். சில நாளாக அந்தப் பக்கமே போகவில்லை. ஒரு நாள் அவள் தரை துடைத்துக்கொண்டிருக்கும்போது அது ஈரத்தில் நின்று மூக்கை நீட்டித் தகரத்தை முகர்ந்தது. முகர்ந்ததும் சுவர் உயரத்துக்குத் துள்ளி விழுந்து ஓடிவிட்டது. தங்கபாய் தரை துடைக்கிற துணியைக் கையில் பிடித்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"பூனைக்கும் சர்க்கரையாங்க?" என்றாள்.

எனக்கு அந்தப் பரிகாசம் பிடிக்கவில்லை. கணவன் சொல்லை மனைவி பகடி செய்கிற வீட்டைப் பற்றி அன்று மாலை குடும்ப ஜெபத்தில் பேசினேன். குடும்பம் என்றால் நாங்கள் இருவர்தான். அவள் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டிருந்தாள்.

மூன்றாம் முறை. ஒரு நாள் மணிக்கயிறு அறுந்துபோயிருந்ததால் நான் வீட்டிலேயே இருந்தேன். ஐந்து மணிக்கு அவள் மர அகப்பைக் காம்பால் செட்டின் குமிழைத் திருப்புகிறாள். கருகிய அகப்பை. "ஏளா, தேவ பாட்டைப் போடுகிற கருவியை அடுப்படி அகப்பையால் தொடுவதா?" என்று கேட்டேன். அவள் அகப்பையைக் கீழே வைக்கவில்லை. எனக்கு நேராக நிற்கவும் இல்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நீங்க ஒரே ஒரு நாளு செருப்பைக் கழத்திட்டுத் தொடுங்க."

பாருங்கள், இதிலும் அவள் காரணத்தைச் சொல்லவில்லை. கட்டளைபோலத்தான் சொன்னாள். மின்சாரம் கசிகிறது என்று தெளிவாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் கேட்டிருக்கமாட்டேனா? அகப்பையை வாங்கி அடுப்படியில் வைத்துவிட்டு வந்தேன்.

ரயில் இன்னும் வரவில்லையா? கேட்காரர் பச்சைக் கொடியைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். சரி.

போன சனிக்கிழமை. நான் மணி அடித்து முடித்தேன், பாட்டு வரவில்லை. வீட்டுக்கு வந்தேன். "செட்டைப் போட்டேன், சத்தம் வரல" என்றாள். விளக்கு எரிகிறது. பக்கத்தில் இருக்கிற பாட்டுப் பெட்டியில் தட்டு சுற்றுகிறது. பாக்ஸில் சத்தமில்லை. எனக்கு இத்தகைய காரியங்களில் ஒரு முறை உண்டு, ஐயா. முனையிலிருந்து தொடங்கி ஊற்றை நோக்கிப் போக வேண்டும். குமிழை முழுவதும் திருப்பினேன், சத்தமில்லை. முழுவதும் திருப்பியபடியே விட்டேன். பாக்ஸுக்குப் போகிற ஒயர்களை முறுக்கிப் பார்த்தேன், உறுதியாக இருந்தன. ஃபியூஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன், நன்றாக இருந்தது. வலது பாக்ஸை இடது பக்கத்திலும் இடதை வலதிலும் மாற்றினேன். ஊமைத்தனம் பாக்ஸோடு இடம் மாறினால் குற்றம் பாக்ஸில் இருக்கிறது என்று பொருள். மாறவில்லை. இரண்டு பக்கமும் ஊமை. அப்படியானால் குற்றம் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. இதை எல்லாம் தங்கபாய்க்கு உரக்க விளக்கிக்கொண்டே செய்தேன். ஒவ்வொரு வீட்டிலும் இப்படித்தான் மௌனத்தின் காரணத்தைத் தேட வேண்டும் என்றும் சொன்னேன்.

அவள், "நயினாரு வந்து பாக்கட்டும், அவருட்ட தூக்கிக் குடுத்துருங்க" என்றாள். இரண்டு முறை சொன்னாள். எனக்கு அது கௌரவக் குறைவாகப் பட்டது. நயினார் பிளக்கைத் திறப்பார். பச்சை ஒயரைப் பார்ப்பார்.

மிச்சம் இருந்தது ஒரே ஓர் இடம். பாட்டுப் பெட்டியிலிருந்து செட்டின் முதுகுக்கு வருகிற சிவப்பும் வெள்ளையுமான சின்ன ஒயர்கள். பெஞ்சு தாழ்வு, முதுகுப்பக்கம் எட்டுகிற அளவுக்கு எனக்குக் குனிய முடியாது. அவள் அப்போதுதான் சனிக்கிழமைத் தரையைத் துடைத்து முடித்திருந்தாள். ஈரம் காயவில்லை. "பின்பக்கம் கையை விட்டு அந்த இரண்டு ஒயரும் இருக்கிறதா பார்" என்றேன்.

"தரை காயட்டுங்க" என்றாள்.

"காலைப் பாட்டுக்கு நேரம் போய்விட்டது" என்றேன்.

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு ஈரத்தில் முழங்கால் போட்டாள். இடது கையால் தகரத்தைப் பிடித்துக்கொண்டு வலது கையைப் பின்னால் விட்டாள். சரியாக, தேடாமலே, அந்த இடத்துக்குக் கை போனது.

பாட்டு வந்தது.

முழுச் சத்தத்தில் வந்தது, ஐயா. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. நான் மகிழ்ந்தேன். மறைக்கக் கூடாது, கைகளைத் தட்டினேன். நான் சொன்ன வரிசை பலித்துவிட்டது. "பார்த்தாயா, பார்த்தாயா" என்றேன். அவள் பதில் சொல்லவில்லை. வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். கண்ணை மூடி அந்தப் பாட்டின் முதல் சரணம் முழுவதையும் கேட்டேன். சரணம் முடிந்து கண்ணைத் திறந்தபோதும் அவள் அதே முழங்காலில், அதே கையோடு இருந்தாள். தோள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

சுவிட்சை அணைத்தேன். செருப்புக் காலோடுதான். அவள் பக்கவாட்டில் சாய்ந்தாள்.

பாட்டு நின்றதும் சொர்ணம் ஓடி வந்தாள். தெருவே வந்தது. "என்னாச்சு அக்காவுக்கு?" என்று கேட்டார்கள். என் வாய் தானாகச் சொன்னது. "சர்க்கரை இறங்கிவிட்டது." ஒருத்தி சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக்கொண்டு ஓடி வந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளுடைய இடது உள்ளங்கையை விரித்தார். நடுவில் வெள்ளையாக ஒரு புண், ஓரம் கருகி. "இது என்ன?" என்றார். அடுப்பில் சுட்டது என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று தெரியாது.

நேற்று எப்சிபா தண்ணீர்ப் பாட்டிலைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "அப்பா, வெள்ளிக்கிழமை அம்மா எனக்குப் போன் போட்டா. அந்தச் சின்ன ஒயர் ரெண்டையும் நான்தாம் புடுங்கிப் போட்டேன்னா. சத்தம் வரலன்னாத்தான் உங்க அப்பா அதை மெக்கானிக்கிட்ட குடுப்பாரு, வேற எதைச் சொன்னாலும் கேக்க மாட்டாருன்னு சிரிச்சா." சொல்லிவிட்டு என்னைப் பார்க்கவில்லை. பாட்டிலையே கழுவிக்கொண்டிருந்தாள்.

ஐயா, ஓர் உவமை சொல்கிறேன். ஒரு தோட்டக்காரன் நாய் குரைக்கிறது என்று அதன் வாயைக் கட்டினான். வீட்டுக்காரி குரைத்தாள், அவள் வாயையும் கட்டினான். பிறகு தோட்டம் அமைதியாக இருக்கிறது என்று எல்லாரிடமும்... இல்லை. இதை முடிக்கத் தெரியவில்லை. எல்லா உவமையையும் முடித்துத்தான் பழக்கம்.

ஏன் ஆறு மணிக்கு முன் போக வேண்டும் என்று கேட்டீர்களே. மத்தியானம் சொர்ணம் எப்சிபாவுக்குப் போன் செய்திருக்கிறாள். ஐந்தரைக்குப் பெண்கள் சேர்ந்து எங்கள் வீட்டைக் கழுவித் துடைக்கப் போகிறார்கள். ஜெபம் தொடங்கும்போது அக்காவுக்குப் பிடித்த பாட்டைப் போடுவோம் என்று பேசிக்கொண்டிருக்கிறார்களாம். செட் அங்கேயே இருக்கிறது. பிளக் சொருகியபடியே இருக்கிறது. நான் அணைத்தது சுவரில் இருக்கிற ஒரு சுவிட்சைத்தான். சொர்ணத்துக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியும். அவர்கள் யாரும் வீட்டுக்குள் செருப்புப் போடமாட்டார்கள். உபதேசியார் வீடு.

போன் செய்யலாமே என்கிறீர்கள். செய்யலாம். என் பையில் போன் இருக்கிறது, சார்ஜும் இருக்கிறது. ஆஸ்பத்திரி வாசலில் எடுத்தேன், பஸ் ஸ்டாண்டில் எடுத்தேன். நேரில் போய் நானே பிளக்கைப் பிடுங்கிவிட்டால் யாருக்கும் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை என்று எண்ணினேன். பஸ் நேரத்துக்குப் போயிருந்தால் போதுமாக இருந்திருக்கும். போனில் சொர்ணத்திடம் செட்டைத் தொடாதே என்றால் ஏன் என்பாள். சர்க்கரையால் விழுந்தவள் வீட்டில் செட்டைத் தொட என்ன பயம் என்பாள். நயினார் சொன்னதை வாசற்படியில் நின்று கேட்டவள் அவள். இருபத்தாறு வருடம் நான் மேடையில் நின்று பொய்யைப் பற்றிப் பேசியிருக்கிறேன்.

மணி என்ன? ஐந்து முப்பத்திரண்டா? அப்படியானால் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள்.

ஐயா, நீங்கள் பேசுங்கள். இதோ போன், இதுதான் சொர்ணத்தின் எண். என் குரல் இப்போது எழும்பாது. எழும்பினாலும் அது பிரசங்கம் பண்ணத் தொடங்கிவிடும். செட்டை யாரும் தொடக் கூடாது, மெயினை அணைக்க வேண்டும் என்று சொல்லுங்கள். யார் பேசுகிறது என்றால் வழியில் போகிற ஒருவர் என்று... வேண்டாம். அப்படிச் சொன்னால் நம்பமாட்டாள், பாட்டைப் போட்டுவிடுவாள். உபதேசியார் பச்சை ஒயரைக் கழற்றிவிட்டார் என்று சொல்லுங்கள். அதைச் சொன்னால் அவளுக்கு எல்லாம் விளங்கிவிடும். நயினார் சொல்லியும் கழற்றினார் என்று சொல்லுங்கள். தங்கபாய் மூன்று முறை சொன்னாள் என்பதையும் சொல்லுங்கள். உங்கள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு இதைப் பிடியுங்கள். அதோ, தண்டவாளம் அதிர்கிறது, வண்டி கிட்டத்தில் வந்துவிட்டது. வந்துவிட்டால் நீங்கள் சொல்வது அவள் காதில் விழாது. இப்போதே அழுத்துங்கள், ஐயா.